சுழியமும் நூறும்: தண்ணீர் சொல்லும் வரலாறு

பெர்மாஸ் ஜெயாவில் பொழுது விடிவதே கேத்தல் சத்தத்தில்தான். ஜொகூர் பாருவிலிருந்து தெப்ராவ் ஆற்றைத் தாண்டினால் வரும் இந்த வட்டாரத்தில், விடியும் முன்பே சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் பலர். அவர்களுக்காக ஒட்டுக்கடைகளில் அடுப்பு முன்னதாகவே பற்றிக்கொள்கிறது. ஒருவருக்கு ஆவி பறக்கும் தே தாரேக். பக்கத்தில் இருப்பவருக்குக் கட்டி மிதக்கும் தே ஓ ஐஸ். மலாய்க்காரர் அந்தக் கட்டியை 'ஆயர் பத்து' என்கிறார்கள். கல்லாகிப் போன தண்ணீர்!

ஒரே மேசையில் கொதித்த நீரும் உறைந்த நீரும். பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும்: நீர் உறைவது 0 பாகை, கொதிப்பது 100 பாகை. சரியான பதில்தான். ஆனால், இந்த 0 எங்கிருந்து வந்தது? இந்த 100 யார் கொடுத்தது? தண்ணீரே வந்து சொன்னதா? இல்லை, நேயர்களே! மனிதர்கள் கூடிப் பேசி, சண்டையிட்டு, திருத்தித் திருத்தி எழுதிய கணக்கு இது. அந்தக் கணக்கில் நம்மவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கு எப்படி மறைந்து போனது என்பதுதான் இந்த வாரம் பேச வேண்டிய செய்தி.

கைபொறுக்கும் சூடு

வெப்பமானி வருவதற்கு முன்பும் மனிதன் சமைத்தான், குளித்தான், மருந்து காய்ச்சினான். சூட்டை அளக்காமலா இதையெல்லாம் செய்தான்? தமிழில் அதற்குச் சொற்கள் இருந்தன. வெதுவெதுப்பு, இளஞ்சூடு, கைபொறுக்கும் சூடு, வெந்நீர், கொதிநீர் எனப் படிப்படியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். அரிசி போடும் முன் பாட்டி உலை நீரைப் பார்ப்பார். அடியில் குமிழி கட்டினால் ஒரு பக்குவம், தளதளவென்று கொதித்தால் இன்னொரு பக்குவம். வானத்திலிருந்து விழும் பனிக்கட்டிக்கு 'ஆலி' என்று சங்க காலத்திலேயே பெயர் இருந்தது. அதைத்தான் பிறகு ஆலங்கட்டி என்றோம்.

சொல் இருந்தது. எண்தான் இல்லை. ஒரு கையின் 'பொறுக்கும் சூடு' இன்னொரு கைக்குப் பொறுக்காது. ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறாத ஓர் அளவு வேண்டுமானால், எங்கும் ஒரே மாதிரி நடக்கும் ஏதாவது இரண்டு நிகழ்ச்சிகளைப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடிக்கப்பட்டவைதான் நீரின் உறைநிலையும் கொதிநிலையும்.

தலைகீழாக எழுதியவர்

டேனியல் கேப்ரியல் ஃபாரன்ஹைட் 1686இல் டான்சிக் நகரில் பிறந்தவர். பதினைந்து வயதில் தாய் தந்தை இருவரையும் இழந்தார். வணிகம் கற்க அனுப்பப்பட்ட பையன், கண்ணாடிக் குழாய்களிலும் பாதரசத்திலும் மனத்தைப் பறிகொடுத்தார். 1724இல் அவர் வெளியிட்ட அளவுமுறையில் பனிக்கட்டி கலந்த நீர் 32, உடல் சூடு 96. நீரின் கொதிநிலை 212 ஆக அமைந்தது. காய்ச்சல் என்றால் '98.4க்கு மேல் போய்விட்டது' என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்களே, அது அவருடைய கணக்கு விட்டுச் சென்ற வழக்கம்தான். மலேசியாவில் 1972ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்துக்குப் பிறகே மெட்ரிக் முறை படிப்படியாக ஊன்றியது.

சுவீடன் நாட்டு வானியல் அறிஞர் ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742இல் வேறொரு முறையைச் சொன்னார். உறைநிலைக்கும் கொதிநிலைக்கும் இடையே நூறு பாகை. மிக எளிது! ஆனால், அவர் எப்படி எழுதினார் தெரியுமா? கொதிக்கும் நீருக்கு 0, உறையும் நீருக்கு 100! ஆம், தலைகீழாக. பிரான்சின் லியோன் நகரில் ழான் பியேர் கிறிஸ்டின் 1743இல் அதை நாம் இன்று அறிந்த வரிசையில் அமைத்தார். 1744இல் செல்சியஸ் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது 42. அவர் மறைந்த பிறகு சுவீடனிலும் அளவு திருப்பிப் போடப்பட்டது. பெயர் அவருடையது. வரிசை அவருடையது அன்று!

இன்னொரு சிக்கலும் இருந்தது. 'கொதி' என்பது எது? முதல் குமிழி எழும்போதா, தளதளக்கும்போதா? பாத்திரம் மாறினால்கூட அளவு கொஞ்சம் மாறியது. 1776இல் இலண்டன் ராயல் சொசைட்டி, ஹென்றி கேவண்டிஷ் தலைமையில் ஏழு பேர் குழுவை அமைத்து இதை ஆராய்ந்தது. வெப்பமானியை நீருக்குள் வைக்காதீர்கள், நீருக்கு மேலே எழும் ஆவியில் வையுங்கள் என்று அந்தக் குழு சொன்னது. அடுப்படியில் தினமும் பார்க்கும் ஒரு காட்சிக்கு ஏழு அறிஞர்கள் கூடித் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது!

மலையேறினால் மாறும் நூறு

பெர்மாஸ் ஜெயா கடலோரத்து ஊர். ஆகவே, இங்கே கேத்தல் ஏறக்குறைய 100 பாகையில் கொதிக்கும். அதே கேத்தலைத் தூக்கிக்கொண்டு ஜொகூரின் உயர்ந்த மலையான குனோங் லேடாங் உச்சிக்குப் போங்கள். 1,276 மீட்டர். அங்கே தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும். கேமரன் மலையில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தேயிலை பறிக்கும் குடும்பங்களின் வீடுகளில் 95 பாகை. ஊட்டியில் 93க்கும் குறைவு.

காரணம் காற்றின் அழுத்தம். உயரப் போகப் போக மேலிருந்து அழுத்தும் காற்று குறைகிறது. நீர் ஆவியாகி வெளியேற அவ்வளவு சூடு தேவைப்படுவதில்லை. சுமார் 300 மீட்டருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலை இறங்குகிறது. மலையில் பருப்பு வேக நேரமாவது இதனால்தான். நீர் கொதிக்கிறது, ஆனால் அந்தக் கொதியில் சூடு போதவில்லை. பிரஷர் குக்கர் இதற்கு நேர் எதிர் வேலை செய்கிறது. ஆவியை அடைத்து வைத்து அழுத்தத்தைக் கூட்டி, கொதிநிலையை 120 பாகை வரை ஏற்றிவிடுகிறது.

இந்தக் குறையையே ஒரு கருவியாக்கிக் கொண்டவர்கள் உண்டு. கொதிநிலை எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தால், நிற்கும் இடத்தின் உயரத்தைக் கணக்கிட்டுவிடலாம் அல்லவா? குமாவுன் மலைநாட்டுப் பள்ளி ஆசிரியர் நைன் சிங் ராவத், 1865-66இல் மாறுவேடத்தில் திபெத்துக்குள் போனார். அந்நியர் நுழைந்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லாத காலம். 108 மணி இருக்க வேண்டிய ஜெபமாலையில் அவருக்கு 100 மணி மட்டுமே. அடிகளை எண்ணி, மணி உருட்டித் தூரம் அளந்தார். கைத்தடிக்குள் வெப்பமானி ஒளிந்திருந்தது. லாசா நகரில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அந்தச் சூட்டைக் குறித்துக்கொண்டு நகரத்தின் உயரத்தை மதிப்பிட்டார். பார்த்தவர்களுக்கு அது தேநீர் வைக்கும் யாத்திரிகன். உண்மையில் அது நில அளவை!

மண்சட்டியில் பிறந்த பனிக்கட்டி

கொதியை விட்டு இனி உறைவுக்கு வருவோம். பனிக்கட்டி குளிர்நாட்டுச் சொத்து என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால், மின்சாரம் இல்லாத காலத்தில், வெயில் கொளுத்தும் இந்திய மண்ணிலேயே பனிக்கட்டி செய்தார்கள் என்றால் நம்புவீர்களா?

சர் ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, அலகாபாத்தில் தாம் கண்டதை 1775இல் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். திறந்த வெளியில் சுமார் முப்பது அடி சதுரத்துக்கு, இரண்டடி ஆழக் குழி வெட்டுவார்கள். அடியில் உலர்ந்த கரும்புத் தட்டையைக் கனமாகப் பரப்புவார்கள். அதன்மேல் மெருகிடாத, மெல்லிய, ஆழமில்லாத மண்சட்டிகளை வரிசையாக அடுக்குவார்கள். அந்தி சாயும்போது, முன்பே காய்ச்சி வைத்த நீரை அவற்றில் ஊற்றுவார்கள். குளிர்காலத்தில், மேகமில்லாத அமைதியான இரவு வாய்த்தால், சூரியன் எழுவதற்கு முன் சட்டிகளில் பனிக்கட்டி கட்டியிருக்கும்!

வியப்பு என்னவென்றால், சுற்றியுள்ள காற்று 0 பாகைக்கு இறங்கியிருக்கவே வேண்டியதில்லை. பிறகு எப்படி உறைந்தது? தெளிந்த இரவு வானத்தை நோக்கி நீர் தன் சூட்டைக் கதிராக வீசிக்கொண்டே இருக்கிறது. தரையிலிருந்து சூடு ஏறாதபடி கரும்புத் தட்டை தடுக்கிறது. வரவு குறைந்து செலவு கூடியதால் நீர் காற்றையும் விடக் குளிர்ந்துவிடுகிறது. வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ் என்பவர் பனித்துளி பற்றி 1814இல் எழுதிய நூலில்தான் இந்த விளக்கம் தெளிவாக வந்தது. அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அலகாபாத்துத் தொழிலாளி அதைச் செய்து, விற்று, கூலி வாங்கிக்கொண்டிருந்தார்.

'காய்ச்சிய நீர்' என்ற ஒரு வார்த்தை ஐரோப்பிய அறிஞர்களை உலுக்கிவிட்டது. உறைய வேண்டிய நீரை எதற்காகக் கொதிக்க வைக்கிறார்கள்? எடின்பரோ பேராசிரியர் ஜோசப் பிளாக் அதே 1775இல் சோதித்துப் பார்த்தார். காய்ச்சி ஆற்றிய நீரையும் காய்ச்சாத நீரையும் குளிரில் வைத்தார். காய்ச்சிய நீர் முதலில் உறையத் தொடங்கியது. காய்ச்சாத நீர், உறைநிலைக்குக் கீழே போயும் நீராகவே நின்றது. கொஞ்சம் கலக்கிவிட்டதும் அதுவும் உறைந்தது.

சூடான நீர் சீக்கிரம் உறையுமா என்ற இந்தக் கேள்வி பழங்காலத்து அரிஸ்டாட்டிலும் தொட்டது. 1963இல் தான்சானியாவில் எராஸ்டோ இம்பெம்பா என்ற பள்ளி மாணவன், சூடான பால் கலவையை அப்படியே குளிர்பெட்டியில் வைத்தபோது அது மற்றவர்களுடையதை விட முதலில் உறைந்ததைக் கண்டான். ஆசிரியரிடம் கேட்டான். கேலிதான் கிடைத்தது. அவன் விடவில்லை. டெனிஸ் ஆஸ்போர்ன் என்ற பேராசிரியரிடம் கேட்டான். இருவரும் சேர்ந்து 1969இல் கட்டுரை வெளியிட்டார்கள். அது எப்போதும் நடக்குமா என்று இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. 2016இல் வந்த ஓர் ஆய்வு அதைச் சந்தேகித்தது. ஆனால், கேள்விக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது: இம்பெம்பா விளைவு.

இப்போது யோசித்துப் பாருங்கள். பார்க்கர் பெயர் நின்றது. பிளாக் பெயர் நின்றது. வெல்ஸ் பெயர் நின்றது. கேட்டு எழுதிய மாணவன் பெயரும் நின்றது. அந்த மண்சட்டிகளை இரவெல்லாம் காவல் காத்தவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?

கடல் கடந்து வந்த கட்டி

சென்னை மெரினா கடற்கரைக்குப் போனவர்கள் 'ஐஸ் ஹவுஸ்' என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். இன்றைய விவேகானந்தர் இல்லம்தான் அது. பாஸ்டன் வணிகர் ஃபிரெடெரிக் டியூடர், அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூள் போட்டுப் பொதிந்து, கப்பலேற்றி வெப்ப நாடுகளில் விற்றவர். 1833 மே மாதம் அவருடைய கப்பல் சுமார் 180 டன் பனிக்கட்டியோடு புறப்பட்டுச் செப்டம்பரில் கல்கத்தா வந்தது. நிலநடுக்கோட்டை இருமுறை தாண்டிய நான்கு மாதப் பயணம். ஆனாலும் சுமார் 100 டன் கரையாமல் வந்து சேர்ந்தது! சென்னைக் கிடங்கு 1842இல் எழுந்தது.

எப்படி மிஞ்சியது? இங்கேதான் தண்ணீரின் பிடிவாதம் இருக்கிறது. 0 பாகையில் உள்ள பனிக்கட்டி, 0 பாகை நீராக மாறுவதற்கு மட்டுமே பெரும் சூட்டை விழுங்குகிறது. அதே சூட்டைக் கொண்டு அவ்வளவு எடை நீரை 0 பாகையிலிருந்து 80 பாகைக்கு ஏற்றிவிடலாம். உருகி முடியும்வரை வெப்பமானி அசைவதில்லை. இந்த 'மறை வெப்பத்தை'க் கண்டு சொன்னவரும் அதே ஜோசப் பிளாக்தான். கொதிக்கும்போதும் அப்படியே. 100 பாகை நீர் முழுவதும் ஆவியாக, அதை 0இலிருந்து 100க்குக் கொண்டுவந்த சூட்டைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல் வேண்டும். கேத்தலை அடுப்பில் மறந்துவிட்டால்கூட உடனே வற்றிவிடாமல் இருப்பது இந்தப் பிடிவாதத்தால்தான்.

பெர்மாஸ் ஜெயாவுக்கு எதிர்க்கரையான சிங்கப்பூரிலும் டியூடரின் பனிக்கட்டி வந்தது. 'வாம்போவா' என்று அழைக்கப்பட்ட ஹூ ஆ கே என்ற சீன வணிகர் 1854இல் அங்கே ஒரு பனிக்கட்டிக் கிடங்கைக் கட்டினார். வியாபாரம் நீடிக்கவில்லை. பின்னர் இயந்திரத்தில் பனிக்கட்டி செய்யும் ஆலைகள் வந்ததும் கப்பல் பனியின் காலம் முடிந்தது. சென்னைக் கிடங்கு கைமாறி, வழக்கறிஞர் பிலிகிரி அய்யங்காரின் மாளிகையானது. 1897 பிப்ரவரியில் மேலைநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பிய சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். பிறகு சகோதரி சுப்புலட்சுமியின் முயற்சியில், இளம் வயதிலேயே விதவையாகிப் போன பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இல்லமாகவும் அது இருந்தது. துரைமார்களின் கோப்பைக்குக் கட்டி காத்த கட்டடம், பெண் கல்விக்கு நிழல் கொடுத்தது. காலம் செய்த கணக்கு!

நூறும் நூறாக இல்லை

1948இல் உலக எடை அளவு மாநாடு 'செண்டிகிரேட்' என்ற பெயரை விலக்கி, 'செல்சியஸ்' என்று நிலைநாட்டியது. 1954இல் அடிப்படையே மாறியது. பனிக்கட்டி, நீர், ஆவி மூன்றும் ஒன்றாக இருக்கும் புள்ளிக்கு 0.01 பாகை என்று வைத்து, அதிலிருந்து அளந்தார்கள். 2019 மே 20 முதல் அதுவும் போய், போல்ட்ஸ்மான் மாறிலி என்ற எண்ணை வைத்து வெப்பநிலை வரையறுக்கப்படுகிறது. அதாவது, அளவுக்குத் தாயாக இருந்த தண்ணீர் இப்போது அளக்கப்படும் பொருள்களில் ஒன்று. கடல்மட்ட அழுத்தத்தில் தூய நீர் கொதிப்பது, துல்லியமாகச் சொன்னால், சுமார் 99.97 பாகையில்!

அப்படியானால் பிள்ளைகள் படிப்பது பொய்யா? இல்லை. சமையலுக்கும் தேர்வுக்கும் 100 போதும். ஆனால், 'ஏன் 100?' என்று கேட்கும் பிள்ளையை அதட்டி உட்கார வைத்தால்தான் பிழை.

தமிழில் கேட்க முடியுமா?

அந்தக் கேள்வியை எந்த மொழியில் கேட்பது? யாழ்ப்பாணத்துக்கு 1847இல் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1875இல் 'கெமிஸ்தம்' என்ற வேதியியல் நூல் தமிழில் வெளிவந்தது. 1916இல் சேலத்தில் இராஜாஜியும் நண்பர்களும் தமிழ் அறிவியல் சொற்களுக்கென்றே ஒரு சங்கம் நிறுவினார்கள். உறைநிலை, கொதிநிலை, உருகுநிலை என்று நம் பிள்ளைகள் எளிதாகச் சொல்லும் சொற்களுக்குப் பின்னால் இப்படிப் பலருடைய உழைப்பு இருக்கிறது.

மலேசியாவில் 2003 ஜனவரியில் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை வந்தபோது தமிழ்ப்பள்ளிகளும் அதற்குள் வந்தன. 2009 ஜூலையில் அரசாங்கம் அதைக் கைவிட முடிவெடுத்தது. 2016க்குப் பின் இருமொழித் திட்டம் பற்றிய விவாதம் எழுந்தது. ஆங்கிலம் வேண்டும், அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால், பாட்டி சொல்லும் 'உலை கொதிக்குது' என்பதும் பாடநூல் சொல்லும் கொதிநிலையும் ஒன்றுதான் என்று ஒரு பிள்ளைக்குத் தெரியாமல் போனால், அறிவியல் அந்தப் பிள்ளைக்கு வீட்டுக்கு வெளியே நிற்கும் விருந்தாளியாகிவிடும். அலகாபாத்துத் தொழிலாளிக்கு அறிவு இருந்தது. அதை எழுதி வைக்க வாய்ப்பு இல்லை. அந்த நிலை அடுத்த தலைமுறைக்கும் வரலாமா?

இந்த அறிவு உயிர் காக்கும் அறிவும்கூட. குடிநீரில் சந்தேகம் வந்தால் தளதளவென்று கொதிக்க விடுங்கள். ஒரு நிமிடக் கொதியில் நோய்க் கிருமிகள் மடியும். 2,000 மீட்டருக்கு மேல் மலைப்பகுதி என்றால் மூன்று நிமிடம் விட வேண்டும். காரணம் இப்போது உங்களுக்கே தெரியும். ஆனால், கொதி எல்லாவற்றையும் போக்கிவிடாது. 2019 மார்ச்சில் பெர்மாஸ் ஜெயாவுக்கு அருகிலுள்ள பாசிர் கூடாங்கில், சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு 111 பள்ளிகள் மூடப்பட்டதை ஜொகூர் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய நஞ்சு கலந்த நீரை எந்தக் கேத்தலாலும் சுத்தமாக்க முடியாது. ஆற்றைக் காப்பதுதான் அதற்கு ஒரே வழி.

நாளைக் காலை கேத்தல் கூவும்போது, பக்கத்தில் நிற்கும் பிள்ளை ஏதாவது கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். பதில் தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள். அதை ஒரு தாளில் எழுதி, கீழே பிள்ளையின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். பெயரில்லாமல் போனவர்களின் வரிசை இத்தோடு போதும்!